சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி எனக்குக் கொடுத்திருப்பது இருபத்தைந்து நிமிடம். "அண்ணே, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை; இந்த வளாகத்தில் நான் எப்படிப் படித்தேன் என்பதற்கு இங்கேயே ஏழெட்டுச் சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். அதிலிருந்து ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? போய்ச்சேர எத்தனை மணி நேரம்?

இந்தக் கேள்வியை ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அக்கரையில் இருப்பார். நாகூர், கூத்தாநல்லூர் பக்கத்து நண்பர்கள் அதைச் 'சபுர்' என்பார்கள். நாங்களும் கேட்கிறவர்களுக்குச் சட்டென்று பதில் சொல்வோம்: "நாலு மணி நேரம்தாங்க. மெட்ராஸ் போறதைவிடச் சீக்கிரம்." இந்த நாலு மணி நேரம் எப்படி வருகிறது, அதை நம்பி ஒருவன் என்ன முடிவு எடுக்கலாம், என்ன முடிவு எடுக்கக் கூடாது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நான் இங்கே இயற்பியல் படித்தது 1974 முதல் 1977 வரை. 1980-இல் சிங்கப்பூர் போனேன். சாங்கி விமான நிலையம் அப்போது திறக்கவில்லை. நான் இறங்கியது பாய லேபார். கொஞ்ச நாள் குமாஸ்தா வேலை. அப்புறம் ஒரு விமானக் கம்பெனியில் பயணத் திட்டம் போடும் பிரிவில் சேர்ந்தேன். ஃப்ளைட் டிஸ்பாட்ச் என்பார்கள். ஒரு விமானம் கிளம்புவதற்கு முன்னால் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த உயரத்தில் போக வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும், எத்தனை கிலோ எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் தூரம். நம் கல்லூரியில் ஒரு பழைய உலக உருண்டை இருந்தது; இப்போதும் இருக்கிறதா தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் அதன்மேல் ஒரு தையல் நூலை வைத்து இரண்டு ஊருக்கு நடுவே இழுத்துப் பிடித்துக் காட்டினார். நூல் விறைப்பாக நிற்கிற வழிதான் உருண்டையின்மேல் மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்று பெயர். அந்த வழியில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஏறக்குறைய 26.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு அறுபது கடல் மைல். ஆக 1,610 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 2,980 கிலோமீட்டர். இதே கணக்கைச் சென்னைக்குப் போட்டால் சுமார் 2,920 வரும்.

இதைக் கவனியுங்கள். சென்னையைவிடத் திருச்சி சிங்கப்பூருக்கு 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம்ம ஆட்கள் பலபேர் இதை நம்புவதில்லை. "திருச்சி தெற்கே இருக்கு, சிங்கப்பூரும் தெற்கேதானே இருக்கு?" என்பார்கள். தெற்கே இருப்பது உண்மை. ஆனால் திருச்சி மேற்கேயும் தள்ளி இருக்கிறது, அதனால் கணக்கு அப்படி விழுகிறது. இந்த 60 கிலோமீட்டரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அந்த நூலைத் திருச்சியிலிருந்து பிடித்தால் அது தஞ்சாவூர் ஜில்லாவின் மேலேயே போய் வேதாரண்யம் பக்கத்தில் கடலைத் தொடும். பிறகு வங்காள விரிகுடா. கிரேட் நிக்கோபார் தீவுக்குத் தெற்கே தாண்டி, சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே பக்கம் கரையேறி, மேடான் வழியாக, மலாக்கா நீரிணையின் ஓரமாகவே சிங்கப்பூர் போய்ச் சேரும். நிஜ விமானம் அச்சாக இந்த நூல்மேலேயே போகாது. வானத்தில் பெயர் வைத்த புள்ளிகளும் பாதைகளும் இருக்கின்றன; ஒரு கட்டுப்பாட்டு நிலையம் விட்டால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கோணும். 2004 டிசம்பர் 26 அன்று காலை அதே ஆச்சே கரையில் பூமி அதிர்ந்து, அலை நம் நாகப்பட்டினத்துக்கு வந்துசேர எடுத்துக்கொண்டது சுமார் இரண்டரை மணி நேரம். ஆழ்கடலில் அந்த அலை ஜெட் விமானத்துக்குப் பக்கத்து வேகத்தில் ஓடும். அன்றைக்குப் பிறகு திட்டத்தில் அந்தப் புள்ளிகளின் பெயரை அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் கை நிற்கும்.

சரி, நேரத்துக்கு வருவோம். இந்தப் பாதையில் ஓடுவது பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 78 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர். 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். அப்படியானால் டிக்கெட்டில் ஏன் நாலு மணிக்கு மேல் போட்டிருக்கிறார்கள்? விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. தரையில் ஊர்ந்து போகிற நேரம் வேறு. கம்பெனிக் கணக்கு, நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும்போது ஆரம்பித்து, அந்தப் பக்கம் போய்க் கட்டை வைக்கும்போது முடிகிறது. அதற்குமேல் பத்து நிமிடம், கால் மணி நேரம் கூட்டியும் போட்டுக்கொள்வார்கள். அதனால்தான் விமானி "குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிக்கிறார். நாமும் கை தட்டுகிறோம்.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிறோம், இல்லீங்களா? ஆடியில் நம் தலைக்குப் பக்கத்தில் அடிக்கிற காற்று மேற்கே இருந்து வருகிறது. அதே ஆடி மாதத்தில் பதினான்கு, பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? நேர் எதிர்த்திசையில், கிழக்கே இருந்து மேற்கே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஒரு காற்று ஆறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக் காற்று. இதைப் பற்றி 1958-இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். இயற்பியல் துறை மாணவர்கள் அவரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும். விமானங்கள் இந்த ஆற்றுக்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கின்றன. ஆனாலும் அதன் இழுப்பு அங்கேயும் இருக்கும்.

உதாரணத்துக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள். ஊரிலிருந்து சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று: 830-இல் 60 போக 770. மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். திரும்பி வரும்போது பின்காற்று: 890. மூன்று மணி இருபத்தொன்று. ஒரே பாதை, ஒரே விமானம், அரை மணி நேர வித்தியாசம். ஆடியில் ஊரைவிட்டுப் போவதுதான் கஷ்டம், வருவது சுலபம். (சிரிப்பு.) புதுமாப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கணக்கு மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை: போகையில் இழந்ததை வருகையில் சரிக்குச் சரி மீட்டுவிடலாம் என்று தோன்றும். மீட்க முடியாது. காற்றே இல்லாவிட்டால் இரண்டு வழியும் சேர்ந்து ஏழு மணி பதினொரு நிமிடம். காற்றோடு ஏழு மணி பதின்மூன்று. எதிர்க்காற்றில் அதிக நேரம் கிடக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரம்தான் இருக்கிறோம். அந்த இரண்டு நிமிடம் போனது போனதுதான்.

இரண்டு நிமிடம் உங்களுக்கு ஒன்றுமில்லை. அந்த வகை விமானம் மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிபொருள் குடிக்கும். அரை மணி நேர எதிர்க்காற்று என்றால் ஒரு டன்னுக்கு மேல் கூடுதலாக ஏற்ற வேண்டும். அதற்கு மேலேயும், இறங்க முடியாமல் போனால் வேறு ஊருக்குப் போக, அங்கேயும் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருக்க என்று எரிபொருள் கையிருப்பு வைக்க வேண்டும். அது உலகச் சட்டம். இவ்வளவையும் போட்டுவிட்டு மிச்ச எடையில்தான் நீங்களும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னும்.

தூரம் கூடினால் நேரம் கூடும் என்று நினைக்கிறோம். அது எப்போதும் சரியல்ல. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பாதையைத் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாகப் போனார்கள். ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் கூடுதல் தூரம். ஆனால் பின்காற்று கிடைத்ததால் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். அதேபோல, 2019-இல் சில மாதங்கள் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கு உருண்டையின் தூரம் ஒரு அடிகூட மாறவில்லை. விமானங்களுக்கு மட்டும் வழி நீண்டுபோனது. 2025 ஏப்ரலிலும் அதே கதை. நம் வழியில் அந்தத் தொல்லை இல்லை; கடல்தானே.

இன்னொரு குழப்பம் கடிகாரம். ராத்திரி பன்னிரண்டரைக்குத் திருச்சியில் கிளம்பி காலை ஏழே காலுக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது என்று டிக்கெட்டில் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் கழித்துப் பார்த்துவிட்டு, "ஆறே முக்கால் மணி நேரமா? நாலுன்னு சொன்னே?" என்று கேட்பார்கள். இரண்டரை மணி நேரம் கடிகார வித்தியாசம். அதிலும் ஒரு கதை உண்டு. இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 25 டிகிரி சொச்சம்; டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம் சூரியனின் கணக்குப்படி ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம்தான் வித்தியாசம். மிச்சம் நாற்பத்தொன்பது நிமிடம் சர்க்கார்கள் போட்டது. நான் போன புதிதில் வித்தியாசம் இரண்டே மணி நேரம். 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்குச் சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, அதையே நள்ளிரவு பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக. புத்தாண்டு அரை மணி முன்னதாகப் பிறந்துவிட்டது. அன்று நைட் டியூட்டி பார்த்த எங்களுக்கு அரை மணிச் சம்பளம் உண்டா இல்லையா என்று ஒரு வாரம் சர்ச்சை நடந்தது.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் நாலு மணி நேரத்தைச் சுற்றி நடக்கிற பத்து நிமிடம், அரை மணி நேரச் சமாச்சாரம். இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக இந்த மேடைக்கு வந்தேன்.

ஏர் இந்தியா போயிங் 707 வாங்கியது 1960-இல். அந்த விமானம் பறந்த வேகமும், இன்று நீங்கள் ஏறிப்போகிற விமானத்தின் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லப்போனால் பழையது கொஞ்சம் வேகமாகவே போகும். அறுபது வருஷத்துக்கும் மேலாக வானத்தில் வேகம் கூடவில்லை. அப்படியானால் ஊர் கிட்டே வந்துவிட்ட மாதிரி நமக்குத் தோன்றுகிறதே, அது எப்படி? என் வீட்டிலேயே நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில். என் தகப்பனார் ஐம்பதுகளில் ரஜுலா கப்பலில் சிங்கப்பூர் போனவர். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாக ஏறக்குறைய ஒரு வாரம். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. 1962-இல் என் தாத்தா இறந்தார். தந்தி போயிற்று. தந்தி ஒரே நாளில் போய்விடும். கப்பல் நினைத்த நாளில் கிடைக்காது. அப்பா வீடு வந்து சேர்ந்தது இருபத்தாறாம் நாள். கருமாதி எல்லாம் முடிந்து பந்தல்கூடப் பிரித்தாகிவிட்டது. கோடாலித் தைலப் புட்டியும் பிஸ்கட் டின்னுமாகத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர் அன்று முழுக்கப் பேசவில்லை என்று அம்மா சொல்வார். எனக்கு அப்போது ஆறு வயசு. ஆனால் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்கரையில் இருப்பவன் வர முடியாது என்பது ஊரே ஏற்றுக்கொண்ட விஷயம். கப்பல் காலம் 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் தீப்பிடித்ததோடு முடிந்தது.

இப்போது 1997, மாசி மாதம். அம்மாவுக்குக் காலை ஒன்பதரை மணிக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம், பதறிப்போவான், ராத்திரி வேலை பார்க்கிற பிள்ளை என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைய சென்னை விமானம் எனக்குப் போன் வருவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிட்டது. அடுத்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. நம் நேரம் ஆறரை. காத்திருந்தது பத்து மணி நேரம். பறந்தது நாலு மணி நேரம். சென்னையில் குடியேற்றம், சுங்கம், வாடகைக் கார் பேசியது எல்லாம் ஒன்றேகால் மணி நேரம். சென்னையிலிருந்து ஊருக்கு, அன்றைய ரோட்டில், எட்டு மணி நேரம். கூட்டிப் பாருங்கள்: இருபத்துமூன்றே கால். ஐஸ் பெட்டி அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. பொழுது சாய்ந்தால் எடுக்கக் கூடாது என்று, மாலை ஐந்தரை வரை பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் போய்ச் சேர்ந்தது ஏழே முக்காலுக்கு.

அன்றைய விமானத்துக்குப் பயணத் திட்டம் போட்டவர் என் பக்கத்து மேசைக்காரர். விஷயம் தெரிந்து, கேப்டனிடம் சொல்லி, நேர்வழி கேட்டு வாங்கி, ஆறு நிமிடம் மிச்சப்படுத்திக் கொடுத்தார். அதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? இறங்கும்போது கேப்டனே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? பல மாதம் கழித்து ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பயணத்தையும் மற்றப் பயணங்களைப் போலக் கணக்குப் போட்டேன். அன்று நான் பிடிக்கக்கூடியதாகத் திருச்சிக்கு ஒரு நேர் விமானம் இருந்திருந்தால்? அதே காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, 60 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து, நாலைந்து நிமிடம் தாமதமாகத் தரை இறங்கியிருப்பேன். திருச்சியிலிருந்து எங்கள் ஊர் நூறு கிலோமீட்டருக்குள். மத்தியானம் இரண்டு, இரண்டரைக்குள் வீட்டில் இருந்திருப்பேன். தூரமான விமான நிலையம்தான் எனக்குக் கிட்டே. இன்னொரு கணக்கும் போட்டேன். நெஞ்சுவலி வந்தது காலை ஒன்பதரைக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் வந்திருந்தால், அன்று சாயங்கால விமானத்தைப் பிடித்து, அதே சென்னை வழியாக, அதே மோசமான ரோட்டில் வந்தாலும், மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டில் இருந்திருப்பேன். உயிரோடு பார்த்திருக்க முடியாது. மற்றது முடிந்திருக்கும். ஒன்பதரையிலிருந்து மறுநாள் ஏழே முக்கால் வரை முப்பத்துநாலே கால் மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது நாலு. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தது பதினொன்று.

சொல்லாமல் இருந்தவர்கள் மேல் எனக்கு அன்றும் வருத்தம் இல்லை, இன்றும் இல்லை. என்மேல் வைத்த பாசத்தில் செய்தார்கள். நம்ம வீடுகளில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த அரங்கத்தில் இருக்கிற பெற்றோர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2017-இல் நடந்தது இன்னொன்று. நம் கல்லூரியில் எனக்கு வெகு வருஷம் பின்னால் படித்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம், அவர் இங்கேதான் இருக்கிறார். ஒரத்தநாட்டுக்காரர். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ராத்திரி பத்து மணிக்கு அவர் தங்கை போன் செய்தார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே போன். விடியற்காலைத் திருச்சி விமானத்தில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்குள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். பதின்மூன்று மணி நேரம். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். நிலத்துப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்றெல்லாம் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். விமானம் என்னவோ அதே வேகத்தில்தான் பறந்தது.

திருச்சிக்குச் சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது 2012-இல். புதிய முனையம் 2024-இல் பயன்பாட்டுக்கு வந்தது. முனையம் பளபளவென்று இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள், போடட்டும். என்னைக் கேட்டால் அதன் பெருமை கட்டடத்தில் இல்லை, அது புதுக்கோட்டை ரோட்டில் இருப்பதில் இருக்கிறது.

இதெல்லாம் இருந்தும், 2020 மார்ச் 23-லிருந்து வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றன. மீண்டும் பழையபடி ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27-இல். நடுவில் 2020 மே மாதம் முதல் சிறப்பு விமானங்கள் வந்தன. பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும், வந்தாலும் தனிமையில் வைப்பார்கள். அந்த இரண்டு வருஷத்தில் கும்பகோணத்தில் நடந்த தகப்பனாரின் காரியத்தைச் சிங்கப்பூரில் உட்கார்ந்து செல்போனில் பார்த்த நண்பர் எனக்கு உண்டு. செய்தி ஒரு நொடியில் போகிறது. ஆள் போக முடியவில்லை. என் தகப்பனாரின் தந்திக் காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது.

மாணவர்களுக்கு வருகிறேன். உங்களில் பாதிப்பேர் வெளியூரோ வெளிநாடோ போகத்தான் போகிறீர்கள். வேலைக்கு மனுப் போடும்போது "எத்தனை மணி நேரப் பயணம்?" என்று வீட்டில் கேட்பார்கள். விமான நேரத்தைச் சொல்லாதீர்கள். நீங்கள் தங்கப்போகிற அறையின் கதவிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வழியில் தினமும் விமானம் உண்டா, வாரத்தில் மூன்று நாள்தானா? கடைசி விமானம் எத்தனை மணிக்கு? ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கினால் அங்கிருந்து ஊருக்கு யார் வண்டி எடுத்து வருவார்? முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறாரா? லீவு யாரிடம் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் கிடைக்குமா? துபாய்க்கும் இதே கேள்விதான், பெங்களூருக்கும் இதே கேள்விதான். பெங்களூரில் இருந்துகொண்டு தீபாவளிக்கு முதல் நாள் பஸ் கிடைக்காமல் நின்றவர்கள் கை தூக்குங்கள். (பலர் கை தூக்கினர்.) பாருங்கள்.

அந்தத் தாளில் கடைசி வரி ஒன்று இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், யார் உங்களுக்குப் போன் செய்வது? பெரியவர்களை நம்பாதீர்கள்; அவர்கள் செய்ய மாட்டார்கள். ஒரு தங்கையையோ, அத்தை மகனையோ, பக்கத்து வீட்டுப் பையனையோ இப்போதே பிடித்து, "நடு ராத்திரியா இருந்தாலும் எனக்கு முதல்ல சொல்லிடு, நான் பதற மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள்.

முன்வரிசையில் பேராசிரியர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் கடிகாரத்தைப் பார்த்தால் நாங்கள் பேனாவை மூடிவிடுவது 1974-லிருந்து வழக்கம். தூரம், காற்று, எரிபொருள் பற்றிக் கேள்வி இருக்கிற மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஆலமரத்தடிக்கு வாருங்கள், நான்கு மணி வரை இருப்பேன். நாலேகாலுக்கு எனக்கு மன்னார்குடி பஸ்.